பெஞ்ச் பிரஸ் 50 கிலோவில் நிற்கிறது: பிரமிட், 5×5, டிராப் செட், எதைப் பிடிப்பது?

கேள்வி: வயது 27, எடை 68 கிலோ. எட்டு மாதமாக வாரம் ஆறு நாள் ஜிம் போகிறேன். மாஸ்டர் கொடுத்த ஷெட்யூல்: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று நாளுக்கு ஒரு பாகம். எல்லாப் பயிற்சியும் 15, 12, 10, 8 என்று, தடவை குறையக் குறைய எடை கூடும் பிரமிட். மூன்று மாதமாக பெஞ்ச் பிரஸ் 50 கிலோவைத் தாண்டவில்லை, உடம்பு எடையும் ஏறவில்லை. ஒரு நண்பர் 5×5-க்கு (ஐந்து செட், தலா ஐந்து தடவை) மாறு என்கிறார், இன்னொருவர் டிராப் செட் போடு என்கிறார். எது சரி?

பதில்:

மூன்றில் எதை எடுத்தாலும் தசை வளரும். எதை எடுத்தாலும் வளராமலும் போகும். உங்கள் விஷயத்தில் கோளாறு பிரமிட் ஓட்டப்படும் விதத்தில் இருக்கிறது. 30 கிலோவில் 15, 40-இல் 12, 45-இல் 10 என்று போட்டுவிட்டு 50-க்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கியமான அந்த செட்டைத் தொடும் முன்பே 37 ரெப், அதாவது 37 தடவை தூக்கல், முடிந்துவிட்டது. இடையில் ஒரு நிமிட ஓய்வு. 50 கிலோவில் 8 வராமல் 6-இல் நின்றால், மாஸ்டரோ பக்கத்தில் நிற்பவரோ பாரைப் பிடித்துத் தூக்கி எட்டாக்கிவிடுவார். ஓய்ந்துபோன கையோடு 50 கிலோவைச் சந்திப்பதையே மூன்று மாதமாகப் பழகியிருக்கிறீர்கள்.

இந்த ஏறுமுக செட்டுகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் முழங்காலைத் தேற்ற, படிப்படியாக எடை கூட்டும் பயிற்சியைக் கையாண்டு 1945-இல் அதைப் பற்றி எழுதினார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை போகவைத்தவர், 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்றாகச் சுருக்கினார். ஒருவரால் பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. அதில் பாதி எடையில் 10, முக்கால் எடையில் 10, முழு எடையில் 10. முதல் இரண்டு செட்டும் சும்மா உடம்பைச் சூடாக்குபவை, வேலை நடப்பது மூன்றாவதில். அப்படியிருந்தும் 1951-இல் ஆக்ஸ்போர்டில் ஜினோவியெஃப் என்ற மருத்துவர், நோயாளிகள் கடைசி செட்டுக்குள் களைத்துவிடுகிறார்கள் என்று வரிசையையே தலைகீழாக்கி, கனமானதை முதலில் வைத்தார். நம் ஜிம்களில் ஓடும் பிரமிட்டில் 15-உம் மூச்சு முட்டும், 12-உம் மூச்சு முட்டும், 10-உம் முட்டும். டிலோர்ம் வார்ம்-அப்பாக வைத்ததை வேலையாகவே மாற்றிவிட்டோம்.

சரி, தசை எதனால் வளர்கிறது? தசை நாருக்கு விழும் இழுவிசையால். எடை கனமாக இருந்தால் முதல் ரெப்பிலிருந்தே பெரும்பாலான நார்கள் வேலைக்கு வந்துவிடும். எடை லேசாக இருந்தால் செட்டின் கடைசி ரெப்களில்தான், களைப்பு ஏறும்போதுதான், மீதமுள்ளவை வரும். அதனால்தான் 5 ரெப்பிலும் தசை வளரும், 30 ரெப்பிலும் ஏறக்குறைய அதே அளவு வளரும். ஒரே நிபந்தனை, செட் முடியும்போது ‘இன்னும் ஒன்று, மிஞ்சினால் மூன்று ரெப் வரும்’ என்ற நிலையில் இருக்க வேண்டும். 20-30 ரெப் செட்டில் அந்த நிலை வரை போவது நரக வேதனை, ஸ்குவாட்டில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எனவே பெரிய பயிற்சிகளுக்கு 5-10, சின்னவற்றுக்கு 10-20 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு.

வலு வேறு விஷயம். பெஞ்சில் 70 கிலோ தூக்க வேண்டுமானால் கனமான எடையைத் தூக்கிப் பழக வேண்டும். ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதத்துக்கு மேல் வாரத்தில் சில செட்டாவது வேண்டும். தசையோடு சேர்ந்து நரம்பும் கற்றுக்கொள்ளும் வேலை அது. உச்ச எடையைப் பரிசோதிக்கவே தேவையில்லை: ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். களைப்பில்லாமல் 50 கிலோவில் 8 வந்தால் உச்சம் சுமார் 63. பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கு பிசகும்.

இப்போது ‘இன்னும் இரண்டு வரும்’ என்பதை எப்படி அறிவது? பாரின் வேகத்தைப் பாருங்கள். ஒரே முனைப்போடு தள்ளும்போது, முதல் நான்கைந்து ரெப் ஒரே வேகத்தில் ஏறும். பிறகு ஒன்று சட்டென்று மந்தமாகும், பாதி வழியில் தயங்கி ஏறும். அந்தத் தயக்கம் வந்தபின் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் பாக்கி. முகம் சுளிப்பதும் தசை எரிவதும் அளவுகோல் ஆகாது. எரிச்சல் தாங்காமல் ஐந்து ரெப் மிச்சம் வைத்து இறக்குபவர்களே அதிகம். லெக் எக்ஸ்டென்ஷன், கேபிள் கர்ல் போன்ற ஆபத்தில்லாத மெஷினில் ஒரு நாள் நிஜமாகவே நகராத வரை போய்ப் பாருங்கள். உங்கள் மதிப்பீடு எவ்வளவு தள்ளியிருந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, வாரத்துக்கு எத்தனை செட். ஒரு பாகத்துக்கு வாரம் 10 முதல் 20 வரை உருப்படியான செட் என்பது பொதுவாக வேலை செய்யும் அளவு. வார்ம்-அப் இதில் சேராது. உங்கள் திங்கட்கிழமையில் நாலு பயிற்சி, நாலு செட் என்று 16 இருக்கும். ஆனால் உருப்படியானவை அதில் பாதி இருந்தால் பெரிது, அதிலும் கடைசி ஐந்தாறு செட் களைத்த உடம்போடு ஒப்பேற்றியவை. அதற்கப்புறம் ஆறு நாள் நெஞ்சுக்கு வேலையே இல்லை. அதே அளவை இரண்டு நாளுக்குப் பிரித்தால் ஒவ்வொரு செட்டும் தரமாக இருக்கும், பெஞ்ச் பிரஸ் என்ற வித்தையையும் இரண்டு மடங்கு பழகுவீர்கள்.

வாரம் மூன்று நாள் போதும். நீங்கள் ஆறு நாள் போகிறவர், மூன்று என்றால் குறைவாகத் தெரியும். இரண்டு மாதம் பொறுங்கள். இரண்டு பட்டியல், மாற்றி மாற்றி. ஒரு வாரம் அ-ஆ-அ, அடுத்த வாரம் ஆ-அ-ஆ.

அ: ஸ்குவாட் 3 செட் (5-8 ரெப்), பெஞ்ச் பிரஸ் 4 செட் (5-8), கேபிள் அல்லது டம்பெல் ரோ 3 செட் (8-12), லெக் கர்ல் 2 செட் (10-15), பக்கவாட்டு ரெய்ஸ் 2 செட் (12-20).

ஆ: ருமேனியன் டெட்லிஃப்ட் 3 செட் (6-10), நின்றபடி ஓவர்ஹெட் பிரஸ் 3 செட் (5-8), புல்-அப் அல்லது லாட் புல்-டவுன் 4 செட் (6-10), இன்க்ளைன் டம்பெல் பிரஸ் 3 செட் (8-12), லெக் பிரஸ் 2 செட் (10-15), கர்ல் 2 செட் (10-15).

நெஞ்சுக்கு மட்டும் வாரம் 10, 11 செட் வருகிறது. டிரைசெப்ஸுக்குத் தனியாக எதுவும் போடவில்லையே என்றால், மூன்று பிரஸ்ஸும் அதற்குச் சோறு போடுகின்றன. ஆசைப்பட்டால் கேபிளில் இரண்டு செட் சேர்த்துக்கொள்ளுங்கள். பார் பயிற்சிகளுக்கு செட் நடுவே 3 நிமிடம், மற்றவற்றுக்கு 2, கையும் தோளும் மட்டும் வேலை செய்பவற்றுக்கு ஒன்றரை. போனில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட ஓய்வில் வியர்வை நிறைய வரும், அடுத்த செட்டில் ரெப் குறையும், தசைக்கும் வலுவுக்கும் நஷ்டம்.

பெஞ்சுக்கு வருவோம், அங்கேதான் நிற்கிறீர்கள். கண் பாருக்கு நேர் கீழே வரும்படி படுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து, இடுப்புப் பக்கமாக இறக்கி, பெஞ்சில் பதித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பாரோடு சேர்ந்து தோள் முன்னால் தூக்கிக்கொண்டு வரும். தோளின் முன்பக்கம் வலிப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். பாதம் தரையில் அழுந்தியிருக்கட்டும். பார் விரல்களின் பக்கம் சரியாமல் உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடியுங்கள். பார் தொடவேண்டிய இடம் நெஞ்சின் கீழ்ப்பாதி. கழுத்துப் பக்கம் இறக்கினால் முழங்கை 90 டிகிரி விரிந்து தோள் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் முழங்கை உடம்போடு 45 முதல் 70 டிகிரிக்குள், பக்கவாட்டில் பார்த்தால் முன்கை செங்குத்தாக. இறங்க இரண்டு நொடி, தொட்டதும் குதிக்கவிடாமல் மேலே தள்ளுங்கள். ஏறும்போது பார் நேர்க்கோட்டில் போகாது, சற்றே பின்னால் சாய்ந்து தோளுக்கு நேர் மேலே வந்து நிற்கும். அதை வலுக்கட்டாயமாக நேர்க்கோடாக்கப் பார்ப்பவர்கள்தான் பாதி வழியில் மாட்டுகிறார்கள்.

பக்கத்தில் ஆள் இல்லை, ரேக்கில் பாதுகாப்புக் கம்பியும் இல்லை என்றால் பெஞ்சில் பிளேட்டுக்கு கிளிப் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைக் கொட்டிவிட்டு வெளியே வரலாம். ஆள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பார் கீழே இறங்கத் தொடங்கினால் மட்டும் தொடு. விரல் பட்ட ரெப் நோட்டில் ஏறக்கூடாது. ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று கத்திக்கொண்டே தூக்கிவிடுபவருக்கு அன்று நல்ல டெட்லிஃப்ட் கிடைக்கும், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

எடை எப்போது கூட்டுவது? இங்கேதான் நம் ஜிம்களுக்கே உரிய ஒரு சிக்கல். நிறைய இடங்களில் மிகச்சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ ஏற்றம். ஸ்குவாட்டில் 80-இலிருந்து 85 என்றால் 6 சதவீதம், சமாளிக்கலாம். பெஞ்சில் 50-இலிருந்து 55 என்றால் 10 சதவீதம். 50-இல் 8 எடுப்பவரால் 55-இல் 4, 5-தான் எடுக்க முடியும். ஒவ்வொரு தடவையும் 5×5-ஐ முடித்துவிட்டு எடை கூட்டு என்ற உங்கள் நண்பரின் யோசனை இந்தச் சுவரில்தான் மோதும். 5×5 நல்ல முறைதான், 2.5 கிலோ ஏற்ற வசதியிருந்து, முதல் சில மாதங்களில் இருப்பவருக்கு வேகமாகவே பலன் தரும். ஜிம் முதலாளியிடம் ஒரு ஜோடி 1.25 கிலோ பிளேட் வாங்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத சப்ளிமெண்ட் செலவை விட அதிகப் பலன் தரும் இரும்பு அது.

பிளேட் கிடைக்காதவரை ரெப்பில் ஏறுங்கள், பிறகு எடையில். நாலு செட்டிலும் 8 வரும்வரை 50 கிலோவை விடக்கூடாது. வந்ததும் 55, அங்கே மறுபடி 5-இலிருந்து தொடக்கம். டம்பெல்லில் ஏற்றம் இன்னும் முரட்டுத்தனம்: கைக்கு 12.5-இலிருந்து 15 என்றால் 20 சதவீதம். அங்கே 15 ரெப் வரை போய்விட்டே அடுத்த ஜோடியைத் தொடுங்கள்.

இன்னொன்று, பாரின் எடையை நம்பாதீர்கள். போட்டித் தரத்து ஆண்கள் பார் 20 கிலோ. ஜிம்மில் இருப்பது 8, 10, 15 என்று எதுவாகவும் இருக்கலாம். எடை பார்க்கும் மெஷினில் ஒருதடவை நிறுத்திப் பாருங்கள், எப்போதும் அதே பாரை எடுங்கள். ஸ்மித் மெஷினில் எடுத்ததை ஃப்ரீ பார் கணக்கோடு சேர்க்கவே கூடாது. வழியை மெஷினே பிடித்துக்கொள்கிறது, சிலவற்றில் எதிர் எடை வேறு மாட்டியிருக்கும்.

டிராப் செட் பற்றி. செட் முடிந்ததும் எடையைச் சுமார் 20-25 சதவீதம் குறைத்து, ஓய்வில்லாமல் தொடர்வது. தசை வளர்ச்சியில் அது சாதாரண செட்டுகளை மிஞ்சிவிடுவதில்லை. அதே பலனைக் குறைந்த நேரத்தில் தருகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டு ரெய்ஸ், கர்ல், லெக் எக்ஸ்டென்ஷன் போன்றவற்றின் கடைசி செட்டில் வைத்துக்கொள்ளலாம். ஸ்குவாட், டெட்லிஃப்டில் வேண்டாம், களைத்த முதுகு வளைந்துதான் அடுத்த ரெப் வரும். நேரம் குறைவென்றால் சூப்பர்செட் இன்னும் நல்லது: ரோ ஒரு செட், ஒரு நிமிடம் விட்டு இன்க்ளைன் பிரஸ் ஒரு செட் என்று எதிரெதிர் தசைகளைக் கோத்தால் வலு அவ்வளவாகக் குறையாமல் பத்து, பதினைந்து நிமிடம் மிச்சமாகும். புல்-அப் ஒன்றுகூட வராதவர் ஸ்டூலில் ஏறி மேலிருந்து ஐந்து நொடியில் இறங்கும் பயிற்சியை 3 செட், தலா 4-5 தடவை போடட்டும், இறங்கும்போது தாங்கும் வலு எப்போதும் ஏறும் வலுவைவிட அதிகம். ‘தசையை ஏமாற்ற’ வாரம் ஒரு புதுப் பயிற்சி என்பது மட்டும் வெறும் பேச்சு. ஒவ்வொரு புதுப் பயிற்சியிலும் முதல் மூன்று வாரம் நரம்பு பழகுவதால் எடை ஏறும், அதைத் தசை என்று நினைத்துக்கொள்வோம்.

வீட்டில் செய்கிறவர்களுக்கும் இதே விதிதான். தண்டால் 60, பஸ்கி 200 என்று எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் தம் பிடிக்கும் திறன் வளரும், தசை ஒரு கட்டத்தில் நின்றுவிடும். 30-ஐத் தாண்டியதும் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து தண்டால், முதுகுப் பையில் 10 கிலோ அரிசி மூட்டையோடு பஸ்கி, பிறகு ஒற்றைக் கால் பஸ்கி என்று கடினமாக்குங்கள்.

உடம்பு எடை ஏறவில்லை என்றீர்கள். மூன்று மாதமாக 68-இலேயே நின்றால் சாப்பாடு போதவில்லை, அதற்கு எந்த ஷெட்யூலும் மருந்தாகாது. புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்கு நாளைக்கு 110 கிராம். முட்டை மூன்று 18, சமைக்காத எடையில் 150 கிராம் கோழி நெஞ்சுக்கறி 33, அரை லிட்டர் பால் 16, காய்ந்த எடையில் 50 கிராம் மீல்மேக்கர் 26, காய்ந்த எடையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10, சாம்பாரில் 40 கிராம் பருப்பு 9. இதிலேயே 112 வந்துவிட்டது, சோறு, இட்லியில் இருப்பது உபரி. சைவமென்றால் கோழிக்கும் முட்டைக்கும் பதில் பன்னீர், தயிர், வேர்க்கடலை சேரும், கொஞ்சம் கவனமாகத் திட்டமிட வேண்டும். அதோடு இப்போது சாப்பிடுவதைவிட 250-300 கலோரி கூடுதல்: ஒரு கைப்பிடி கடலையும் இரண்டு வாழைப்பழமும். வாரம் 200-300 கிராம் ஏறினால் சரியான வேகம். மாஸ் கெய்னர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துதான். சப்ளிமெண்ட்களில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் காசுக்குத் தகுந்தது: தினமும் 3-5 கிராம், எந்த நேரத்திலும். சிறுநீரகத் தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக் கனமாகத் தூக்குவது பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை பெஞ்சில் செய்ய வேண்டியது: வெறும் பார் 10, 30 கிலோ 5, 40 கிலோ 3. இவை மூன்றுக்கும் சேர்த்தே ஐந்து நிமிடம் ஆகும், மூச்சு வாங்கக் கூடாது. பிறகு 50 கிலோவில் 5, 5, 5, 5, நடுவே மூன்று மூன்று நிமிடம். சுலபமாகத் தெரியும், தெரியட்டும். ஆறாவது ஏழாவது வந்தாலும் அன்று எடுக்க வேண்டாம். அடுத்த தடவை 6, 6, 6, 5. அதற்கடுத்து 7, 6, 6, 6. நோட்டில் தேதி, எடை, ரெப், கடைசி செட்டில் எத்தனை மிச்சமிருந்தது என்று நாலே விஷயம். ஒரே எண்கள் தொடர்ந்து மூன்று தடவை வந்தால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். இரண்டு தடவை தொடர்ந்து இறங்கினால், மூட்டும் கனத்தால், ஒரு வாரம் எல்லாப் பயிற்சியிலும் செட்டைப் பாதியாக்கி, எடையில் 10 சதவீதம் குறைத்து, மறுவாரம் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். 8, 8, 8, 8 என்று எழுதிய மறு தடவை பாரில் 55.